வெறும் நெற்றி

அச்சுவேலி தாண்டி ஒரு தோட்ட வேலியோரம் நிற்கிறேன். பழைய உழவு இயந்திரமொன்று, பின்னால் பூட்டிய பெட்டியோடு துருப்பிடித்துக் கிடக்கிறது. நீலச் சாயம் உரிந்த முகப்பில், காலடியில் கிடக்கும் செம்மண்ணின் நிறத்திலேயே துரு படர்ந்திருக்கிறது. மண்ணே ஏறிவந்து அணைத்துக்கொண்டதுபோல அத்தனை அழகு. குந்தியிருந்து கமராவைத் தூக்குகிறேன்.

"தம்பி, உது இரும்புக்கு விக்கிறேல்லை!"

வெங்காயப் பாத்தியிலிருந்து ஓர் அம்மா மண்வெட்டியோடு வருகிறார்.

"வாங்க வரவில்லை அம்மா. படம் எடுக்கத்தான்."

"படமோ? கொஞ்சம் நில்லுங்கோ. வெறும் நெத்தியோடையே எடுக்கிறது?"

வீட்டுக்குள் போனவர் திருநீறும் ஒரு செவ்வரத்தம்பூவும் கொண்டுவருகிறார். முகப்பில் மூன்று விரலால் அகலமாகப் பூசுகிறார். கண்ணாடி இல்லாத விளக்குக் குழியில் பூவைச் செருகுகிறார். நான் ஆசைப்பட்ட துரு பாதி மறைந்துவிடுகிறது. எரிச்சலை அடக்கிக்கொண்டு ஒரு படம் எடுக்கிறேன்.

"பெட்டியும் விழவேணும் தம்பி. மகளுக்கு அனுப்பவேணும்."

"பெட்டி எதற்கு அம்மா?"

"சண்டை நேரம் இடம்பெயர்ந்து போகேக்கை இந்தப் பெட்டிக்கைதான் அவளைப் பெத்தனான். என்ரை மனுசன் எங்களை இதிலையே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். இது இல்லையெண்டால் நாங்கள் ரெண்டுபேரும் இல்லை."

சொல்லிவிட்டு, பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிடுகிறார்.

நான் எழுந்து, முழுவதும் அடங்கும்வரை பின்னால் நகர்கிறேன். திருநீறு தெளிவாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுக்கிறேன்.