எங்கள் வீட்டு முறை

கோவளத்தில் மூடப்போகிற ஒரு விடுதியின் சுவரில்தான் அந்த வில்லைப் பார்த்தேன். வண்ண விளக்குச் சரத்தைச் சுற்றி அலங்காரத்துக்கு மாட்டியிருந்தார்கள். இரு முனைகளும் வெளிப்பக்கமாக வளைந்த பழைய மரவில். கல்லூரியில் வில்வித்தைக் குழுவில் இருந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? நாணைக் கழற்றாமலே தொங்கவிட்டதில் கீழ்ப்பாதி முறுக்கிக்கொண்டிருந்தது. வாங்கி, பேருந்தில் மடியில் வைத்தே மேடவாக்கம் கொண்டுவந்தேன்.

“எதுக்குடி இது?” என்றாள் அம்மா.

“வேட்டைக்கு” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விஜயதசமி அன்று எங்கள் ஊர் அம்மன் பல்லக்கில் வேட்டைக்குப் புறப்படுவாள். ஏரிக்கரையில் நட்ட வாழைமரம்தான் அசுரன். அம்மன் சார்பில் அம்பு எய்யும் உரிமை எங்கள் குடும்பத்துடையது. ஒரு வருடம் பெரியப்பா முறை, மறு வருடம் அப்பா முறை. அந்த வருடம் அப்பாவின் முறை. அப்பாவோ வண்டியிலிருந்து விழுந்து தோளில் கட்டுப் போட்டிருந்தார். நான் ஒரே பெண். பெரியப்பா வந்து, “முறைய எனக்கு வுட்டுக்குடு. ஆம்பளப்புள்ள இல்லாத வூடு, இன்னா பண்ணுவ?” என்றார். தண்ணீர்ப் பஞ்சத்தில் கேட்காமலே எங்களுக்கு லாரி அனுப்பிய மனுஷர், நல்லவர்தான். ஆனால் ஊரில் ஒருமுறை விட்டுக்கொடுத்த முறை திரும்ப வந்ததாகச் சரித்திரமே இல்லை. “நான் எய்றேன் பெரியப்பா” என்றேன்.

“இன்னா பாப்பா, அம்மனுக்கே வேட்ட கத்துக்குடுக்கப் போறியா?”

“அம்மனும் பொண்ணுதானே?”

அன்றிலிருந்து வில்லோடுதான் என் மாலைகள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, முறுக்குக்கு எதிராகத் திருப்பி, சூடு ஆறும்வரை பிடித்துக்கொள்வேன். விட்டால் கொஞ்சம் பழையபடி திரும்பும். மறுநாள் மறுபடியும். அதற்கும் பிடிவாதம், எனக்கும் பிடிவாதம். உப்புத்தாளால் பழைய பூச்சைத் தேய்த்து எடுத்தேன், புது நாண் கட்டினேன். முழுசாக இழுக்கத் துணிவு வரும்வரை நாளுக்குக் கொஞ்சமாக இழுத்தேன். மொட்டைமாடியில் வைக்கோல் மூட்டையில் முதல் அம்பு குத்தி நின்றபோது, தோளில் கட்டோடு அப்பா விசில் அடித்தார்.

விஜயதசமியன்று ஒன்றை மறந்துவிட்டேன். பெரியப்பாவின் மூங்கில் வில்லிலிருந்து அம்பு எப்போதும் நாலடி தள்ளிப் பொத்தென்று விழும். எடுப்பவருக்கு அதிர்ஷ்டம் என்று கூட்டம் முன்கூட்டியே ஓடிப்போய் நிற்கும். நான் நாணை இழுத்ததும் அப்படியே ஓடினார்கள், நேராக அம்பின் பாதையில். இழுத்த நாணை மெல்லத் தளர்த்தி இறக்கினேன்.

“பாத்தியா, பயந்துகிச்சு! குடு இங்க” என்று பெரியப்பா கை நீட்டினார்.

“இது ஆளைக் கொல்லும். எல்லாரும் என் பின்னாடி வாங்க. அப்பதான் எய்வேன்.”

கூட்டம் முனகிக்கொண்டே வந்தது. பெரியப்பா மட்டும் போய் வாழைமரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்பு விடாமல் பல்லக்கை இறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் வில்லைக் கொடுக்கவில்லை, அவர் நகரவில்லை. தவில்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். கடைசியில் பல்லக்குத் தூக்கிகளில் ஒருவர் கத்தினார்: “தலைவரே, உங்க வூட்டுப் பஞ்சாயத்த வூட்ல வெச்சிக்க! தோளு கயண்டுகினு போவுது, நகருய்யா!”

ஊரே சிரித்தது. பெரியப்பா நகர்ந்தார். அம்பு வாழைத்தண்டைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

அதன்பின் பெரியப்பா என்னிடம் பேசுவதில்லை. அடுத்த வருடம் அவர் முறை; எய்தார், நான் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். இந்த வருடம் மறுபடி எங்களுடையது. அப்பாவின் தோள் எப்போதோ சரியாகிவிட்டது, ஆனால் “நீயே போ” என்கிறார். நேற்று பெரியப்பா ஆள் அனுப்பினார்: விலைக்கு வாங்கிய வில் கோயிலுக்கு ஆகாதாம், மூங்கில் வில்தான் வழக்கமாம்.

வந்தவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னேன்: “சரிண்ணா. மூங்கில் வில்லே இருக்கட்டும். எய்யப்போறது நான்தான்னு மட்டும் சொல்லிடுங்க.”