கடலில் போனவர்களின் கல்

நோர்வேயில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் அண்ணி தனியாக இருக்கிறார். மீன் தொழிற்சாலையில் வேலை. நான் லண்டன் டூட்டிங்கில் அம்மாவோடு. போன பனிக்காலத்தில், அண்ணியிடம் ஒரு சம்மதம் வாங்கிவர அம்மா என்னை அனுப்பினார்.

ஊரில் சண்டை முடிந்த நாளில் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன அண்ணை இன்றுவரை திரும்பவில்லை. தான் கண்மூட முன்னம் அவருக்குத் திவசம் செய்துவிடவேண்டும் என்று அம்மா பிடிவாதம். நாள் தெரியாதவர்களுக்கு ஒரு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். ஆனால் மனைவி பொட்டும் தாலியுமாக இருக்கும்போது எப்படி என்று கையை விரித்துவிட்டார். உள்ளதைச் சொன்னால், அம்மாவைவிட எனக்குத்தான் அவசரம். காத்திருந்து காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது.

இப்படியான கதையை வந்த கையோடு எடுப்பது எங்கள் வழக்கமில்லை. கறித்தூளையும் முருங்கைக்காயையும் கொடுத்து, சாப்பிட்டு, எல்லாருடைய சுகமும் விசாரித்து முடித்தேன். வாயைத் திறக்கப் போகும்போது அண்ணி கோட்டை எடுத்து மாட்டினார்.

"வாங்கோ தம்பி, ஊரைச் சுத்திப் பாப்பம்."

எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் கலியாண மண்டபத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அதனால் எனக்கு ஆச்சரியம். மனம் இளகிவிட்டார், வழியில் அவரே கதையைத் தொடங்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் எலும்பைத் தின்றது. முதலில் குளிரூட்டிக் கிடங்கின் சுவரில் வரைந்திருந்த பெரிய மீன். பிறகு சந்தியில் துருப்பிடித்த இரும்பு வளையங்கள். நகரசபை பெருமையாக வைத்த சிற்பமாம். எங்கள் ஊரென்றால் பழைய இரும்புக்காரன் ஒரே இரவில் தூக்கியிருப்பான். துறைமுகத்தில் சிவப்புப் பலகைக் கிடங்குகள், அதற்குப் பின்னால் வெள்ளை மரத் தேவாலயம். ஒவ்வொன்றின் வயதையும் அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். கம்பளித் தொப்பிக்குக் கீழே பொட்டு சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு அதையே பார்க்கவேண்டியிருந்தது.

கடைசியாகக் கடலோரம் போனோம். கடலைப் பார்த்து நிற்கும் ஒரு வெண்கலப் பெண். காலடியில் கல், அதில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். அண்ணி கையுறையால் பெயர்களின்மேல் இருந்த பனியைத் துடைத்தார். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நான் முட்டாள்தனமாகத் தொடங்கினேன்.

"அண்ணி, இவையளுக்கும் உடம்பு கிடைக்கேல்லைத்தானே. எண்டாலும் பேரை வெட்டி, அழுது முடிச்சிட்டினம். நாங்களும் அண்ணைக்கு..."

"அம்மா சொல்லி விட்டவவோ?"

"ஓம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இவையின்ரை ஆக்களைக் கடல் கொண்டு போனது. கடலிட்டை ஆர் போய்க் கேக்கிறது? எங்கடை ஆளை மனிசர் கொண்டு போனவை. கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் ஆமியிட்டை விட்டது நான், தம்பி. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு எனக்குத்தான் சொன்னவை. அவை பதில் சொல்லுமட்டும் என்னாலை ஏலாது. இதைச் சொல்லத்தான் உங்களை இஞ்சை கூட்டியந்தனான்."

அடுத்த நாள் விமானத்தில், அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததுமே அம்மா கேட்டார். "என்னவாம்? ஓம் எண்டவளோ?"

"இல்லையம்மா. ஏலாதாம்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அழப்போகிறார் என்று பையைக் கீழே வைத்தேன்.

"நல்லது," என்றார். "அவள் ஓம் எண்டு சொல்லிப்போடுவாளோ எண்டு, நீ போன நேரம் துவக்கம் எனக்கு நித்திரையில்லை."

பிறகு எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றேன். எங்கள் வீட்டில் அண்ணை செத்துவிட்டார் என்று நம்புகிறவன் நான் ஒருவன் மட்டும்தான்.