முறைப்பாடுகள்: இல்லை

நான் லெனாட். உடுவிலில் மூன்று தலைமுறையாக வேதமும் ஆங்கிலமும் படித்த குடும்பம். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பதினேழு வருடம் நெல்லியடியில் ரியூற்றரி வைத்து உயர்தர இரசாயனம் படிப்பித்தேன். 'பொறிமுறை' என்ற சொல்லைச் சொல்லியே சோறு தின்றவன். எந்தப் பிணைப்பு முதலில் உடைகிறது, இலத்திரன் எங்கிருந்து எங்கே போகிறது என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். ஒரு அம்புக்குறி தவறினாலும் புள்ளியை வெட்டுவேன்.

பிறகு கொழும்புத்துறையில் இறங்குதுறை கட்டிய ஒரு திட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே சொல். சைக்கிள் திருத்துகிறவனுக்குப் பொறிமுறை என்றால் பல்லுச்சக்கரமும் செயினும். எங்கள் கந்தோரில் அது ஒரு பச்சைப் பெட்டி, ஒரு பூட்டு, மாதாந்த அறிக்கையில் ஒரு கட்டம். 'முறைப்பாட்டுப் பொறிமுறை' என்று பெட்டியில் எழுதுவித்தவன் நான்தான். பூட்டின் திறப்பும் என்னிடம்.

நண்டு விற்கும் லூர்த்தம்மா அதைப் பார்த்து நின்றார்.

"உதென்ன மாஸ்ரர், வாயிலை நுழையாத பேர்?"

"குறை இருந்தால் கடதாசியிலை எழுதிப் போடுங்கோ அக்கா. மிச்சம் தானா நடக்கும்."

தானாக நடக்குமாம்! பெரிய புத்திமான்.

எட்டு மாதம் நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. வெயில், பிறகு பார்ப்போம் என்ற சோம்பல், வேறொன்றுமில்லை. ஒவ்வொரு அறிக்கையிலும் 'முறைப்பாடுகள்: இல்லை' என்று அடித்தேன். கூட்டத்தில் பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

ஒன்பதாம் மாதம் இறங்குதுறைப் படியின் கைபிடி கழன்று, லூர்த்தம்மாவின் கணவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனிக் கடலுக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்தேன். மூன்று கடதாசிகள், மூன்றும் லூர்த்தம்மா எழுதியவை. 'படிக் கைபிடி ஆடுது. ஆரும் விழ முதல் இறுக்கித் தாங்கோ.' முதலாவது ஆறு மாதத்துக்கு முந்தியது. இரண்டு நட்டு இறுக்குகிற வேலை. ஐயோ, இரண்டே இரண்டு நட்டு!

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கடதாசிகளைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மனுசன் கட்டிலில் கிடந்தார். லூர்த்தம்மா கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணியும் தந்தார்.

"நீங்கள் மனம் நோகாதேங்கோ மாஸ்ரர்," என்றார். "நான் எழுதினதை நீங்கள் உடனை மேலை அனுப்பியிருப்பியள். அவங்கள்தான் கவனிக்கேல்லை. என்ன?"

கட்டிலில் கிடந்தவரும் என்னைப் பார்த்தார்.

"ஓம் அக்கா," என்றேன். "அனுப்பினனான்."