மூன்று நாள் வெள்ளம்

தமிழ்ச் செய்திச் சானல் ஒன்றுக்கு நான் திருவனந்தபுரம் நிருபர். சென்னையில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் கோவில், தேர்தல், மழை. மற்ற நாட்களில் நான் ஒருவன் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிடும். நான்கு மாதமாக நான் அனுப்பிய எதுவும் திரைக்குப் போகவில்லை. மைக்கைத் துடைத்து வைப்பதே முக்கால்வாசி வேலையாக இருந்தது.

அப்போதுதான் கரமனையில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. பக்கத்து வீட்டு மாமியைக் காலிக் குடத்தோடு நிற்க வைத்துப் பேசச் சொன்னேன். டிவி என்றதும் மாமி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். "மூணு நாளா இந்த வெள்ளம் எங்களைப் படுத்தற பாடு சொல்லி மாளாது" என்றார். மலையாளம் கலந்த எங்கள் தமிழில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்.

அனுப்பிய அரைமணியில் சென்னையிலிருந்து ஆசிரியர் உற்சாகமாகக் கூப்பிட்டார். எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று கேட்டார். அவர் என்ன புரிந்துகொண்டிருக்கிறார் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வாக்கியத்தில் திருத்தியிருக்கலாம். நானோ, இங்கே மழைதான் சார் என்றேன். வெளியே தூறிக்கொண்டுதான் இருந்தது. சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மாலைச் செய்தியில் குடத்தை வெட்டிவிட்டு மாமியின் முகத்தை மட்டும் காட்டினார்கள். கூடவே, எங்கோ எப்போதோ எடுத்த படத்தில் தெருவுக்குள் படகு ஓடியது. கீழே என் பெயர் வந்தது. அதைப் போட்டோ எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மாமியின் அக்கா திருநெல்வேலியில், கணவர் போனபிறகு தனியாக இருந்தார். என்னோடு வந்து இரு என்று மாமி இரண்டு வருஷம் கெஞ்சி, அப்போதுதான் சம்மதம் வாங்கியிருந்தார். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. செய்தியைப் பார்த்த அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார். தங்கை எதை வெள்ளம் என்பாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படகைப் பார்த்தாரே! டிவி பொய் சொல்லாது, தங்கைதான் தன்னை வரவழைக்க மறைக்கிறாள் என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு மறுநாள் மாமியே சந்தோஷமாகப் போன் செய்து, காலையில் வெள்ளம் வந்தாச்சு, தைரியமாக வா என்றார். படகைப் பார்த்திருந்த அக்காவுக்கு அதுவும் மழைவெள்ளமாகவே கேட்டது; டிக்கெட்டைக் கேன்சல் செய்தார்.

மாமி என்னிடம் வந்து அழுதார். சென்னைக்காரர்களுக்கு நம் பாஷை புரியவில்லை என்று சமாளித்தேன். "பாவம், அவாளுக்கு என்ன தெரியும்" என்று அவர்களுக்காகவும் இரக்கப்பட்டார். என்மேல் துளி சந்தேகம் இல்லை. நீயே அக்காவிடம் எடுத்துச் சொல் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

குழாய், குடம், தப்பான படம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவா தப்பாப் புரிஞ்சுண்டான்னு உனக்கு எப்போ தெரியும்?"

மாமி நல்ல பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள்தான் தெரிந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த முகத்துக்கு முன்னால் வெட்கமாக இருந்தது.

"அப்பவே தெரியும்" என்றேன்.

சரி, வரேன் என்றார் அக்கா. தன்னையே காட்டிக்கொடுக்கிறவன் மற்றதிலும் பொய் சொல்லமாட்டான் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ. அடுத்த வாரமே பெட்டியோடு வந்து இறங்கினார். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தது நான்தான்.

மாமி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்போது போனாலும் காபி கொடுக்கிறார், ஊர்க்கதை கேட்கிறார். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அப்படியா என்று கேட்டுக்கொள்வார். இப்போது நான் சொல்லி முடித்ததும் திரும்பி அக்காவைப் பார்க்கிறார். அக்கா தலையாட்டினால்தான் நம்புகிறார்.