பிர்க்கே மரத்துக்குத் திருநீறு

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக மனம் இழுபட்டுக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதோடு இது சுவாமி காரியம், பிழையாக ஒரு சொல் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம். கடவுளை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் மகள் அப்போது இங்கே ஜெர்மன் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஆசிரியை பிள்ளைகளைப் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போய், பார்த்ததைப் படமாகச் செய்யச் சொல்லியிருந்தார். கடைச் சாயம் கூடாது. இயற்கையில் கிடைப்பது மட்டும். காய்ந்த இலைக்கு மஞ்சள்தூள் கரைத்துக் கொடுத்தேன். நிலத்துக்கு மண் ஒட்டினாள். பிர்க்கே என்று இங்கே சொல்லும் காட்டு மரத்தின் வெள்ளைப் பட்டைதான் மிச்சம்.

"வெள்ளைக்கு என்ன செய்யிறது அம்மா?"

"கோதுமை மா எடு பிள்ளை" என்று அடுப்படியில் நின்றே சொன்னேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து தொலைபேசி. மகள் ஏதோ வெள்ளைத் தூளைத் தின்று, இன்னொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறாளாம், உடனே வரட்டாம். சுவாமித் தட்டைப் பார்த்தேன். திருநீற்றுப் பைக்கற்றைக் காணவில்லை.

ஓடிக்கொண்டே கணவருக்கு எடுத்தேன். உணவகச் சமையலறையில் வேலையாக நின்றார்.

"திருநீறோ? பொலிஸ் வந்தா அவையின்ரை நெத்தியிலும் பூசி விடும்."

"பகிடி விடாதேங்கோ. மற்றப் பிள்ளையும் திண்டிருக்காம்."

"சரி, சரி. அழாமல் போம். நான் முதலாளியைக் கேட்டுக்கொண்டு வாறன்."

வகுப்பில் மகள் முகம் வெளிறி நின்றாள். "மாவைக் காணேல்லை அம்மா. திருநீறு மாட்டிலையிருந்துதானே வாறது, மாடும் இயற்கைதானே?" என்றாள். மரத்துக்கு ஒட்டியதுபோக விரலில் மிஞ்சியதை, வீட்டில் பூசை முடிந்து செய்வதுபோல நெற்றியில் பூசி, நாக்கிலும் வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த தோழி கேட்க, அவளுக்கும் ஒரு சிட்டிகை.

அந்தப் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. ஆசிரியை விஷத்துக்கு ஆலோசனை சொல்லும் இடத்தைத் தொலைபேசியில் பிடித்து வைத்திருந்தார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள், சொல்லுங்கள் என்றார்.

மகளின் மேசையில் கிடந்த பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முருகன் படமும் 'வாசனைத் திருநீறு' என்ற எழுத்தும் மட்டும். தினமும் நாக்கில் வைக்கிற பொருள், ஒருநாளும் கேட்டதில்லையே! சாம்பல் என்று மட்டும் சொல்லித் தப்பலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்? முருகா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், "பசுவின் சாணம், எரித்தது. வாசனைக்கு என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது" என்றேன்.

தோழி வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"ஏன் அம்மா சொன்னனீங்கள்? இனி அவள் என்னோடை கதைக்கவே மாட்டாள்!" என்று மகள் அழத் தொடங்கினாள்.

ஒரு சிட்டிகைதானே, தண்ணீர் கொடுங்கள். வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் மருத்துவரிடம் போங்கள் என்று தொலைபேசியில் பதில் வந்தது. அந்தப் பிள்ளையின் தாய் வந்து, என்னைப் பார்க்காமலே கூட்டிப்போனார்.

கணவரை இரவுதான் வர விட்டார்கள். விளக்கேற்றி, என் பிள்ளைக்குக் கேட்காமல் அந்தப் பிள்ளைக்காகவே கேட்டேன். காலையில் மகளோடு போய்ப் பள்ளி வாசலில் நின்றேன். பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், அந்தத் தோழியைக் காணவில்லை. மகள் என் கையை விடவில்லை. மணியும் அடித்துவிட்டது.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள். வந்ததும் மகளின் சட்டையைப் பிடித்து, "உங்கள் பசுவுக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். பின்னால் வந்த தாய், ஒன்றுமில்லை என்பதுபோல் தலையசைத்தார். பிள்ளைகள் இருவரும் உள்ளே ஓடும்வரை மதிலோரம் நின்று பார்த்தேன்.

இப்போது எங்கள் கோயிலில் இந்தக் கதை வேறாக உலாவுகிறது. திருநீறு தின்ற வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் பழைய இருமல் மாறிவிட்டதாம் என்கிறார் ஒருவர். ஆசிரியை திருநீற்றைக் குப்பையில் கொட்டினாராம் என்கிறார் இன்னொருவர். இரண்டும் நடக்கவில்லை. மகளின் படம் வகுப்பில் மற்றப் படங்களோடுதான் தொங்கியது. இதை வாசிக்கிறவர்கள் பிறருக்குச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கோ. அற்புதமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். பைக்கற்றுக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாமல் நின்றேனே, அதையும் விட்டுவிடாதேங்கோ.