மூக்கில்லாத வேனில் முசாஃபா வரை

போன ஜனவரியில் ஷார்ஜா ரோலாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அபுதாபியை ஒட்டிய முசாஃபாவில் இருக்கும் தம்பியைப் பார்க்க வேண்டும். மருமகனின் கம்பெனி வேன் தினமும் அங்கே ஆட்களைக் கொண்டுபோகிறது. நூற்று அறுபது கிலோமீட்டர், செலவில்லை. காலை ஐந்து மணிக்கு ஏறினேன்.

வளைகுடாவில் எங்கு திரும்பினாலும் தென்படும் பழைய ஹையேஸ் வேன் அது. வழக்கமாக முன் இருக்கையில் உட்காரும் வெல்டர் கண்ணன், மரியாதைக்காக அதை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

“விஐபி சீட்டு சார். அடியில ஹீட்டர், முன்னாடி டிவி!”

“எது வந்தாலும் சாருக்குத்தான்டா முதல்ல தெரியும்” என்றார் ஓட்டுநர் செல்வம், புதுக்கோட்டைக்காரர். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

ஹீட்டர் என்றது என்ஜினை. ஜப்பானில் 1967இல் இந்த வேன் வந்தபோதே என்ஜினை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். சாக்பீஸ் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: மூக்கு இல்லாததால் முழு நீளமும் ஆட்களுக்கே. குறைந்த நீளத்தில் நிறையப் பேர். அதனால்தான் நாடு நாடாக விற்றது. 2019இல் வந்த புது வடிவத்தில் என்ஜின் முன்னால் போய், சின்ன மூக்கு முளைத்தது. எங்கள் வண்டிக்கு அது இல்லை. என் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அதற்குமேல் கண்ணாடி; கண்ணன் சொன்ன டிவி அதுதான்.

பாதி வழியில், கன்தூத் என்ற ஊரைத் தாண்டியதும் மூடுபனி. சாலைக் கோடுகூட மறைந்தது. செல்வம் நான்கு இண்டிகேட்டரையும் மின்ன விட்டார். முன்னே ஒரு லாரியும் அப்படியே மின்னியது.

“அவன் பின்னாடியே போயிட்டா பயமில்ல சார்.”

அந்த வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. போகிற வண்டி ஏன் பெரிதாக வேண்டும்?

“செல்வம், அது நிக்குது!”

பிரேக். லாரியின் பின்கதவில் ஒட்டியிருந்த சேற்றை என்னால் பார்க்க முடிந்தது. என் கால்கள் தாமாகவே இருக்கைமேல் ஏறியிருந்தன.

மூச்சு திரும்புவதற்குள் கண்ணன் கத்தினார்: “அண்ணே, நம்ம லைட்டும் அதே மாதிரிதானே மின்னுது! பின்னாடி வர்றவன் நாம போறோம்னு நெனைப்பான். ஓரமா எடு, யல்லா, சீக்கிரம்!”

கடைசி வரிசையில் தூங்கியவர்கள் எழுந்து பின் கண்ணாடியைப் பார்த்தார்கள். வெண்மை மட்டுமே. செல்வம் பின்னால் கொஞ்சம் எடுத்து, ஒடித்து, ஓரத்தில் இறக்கினார். ஹார்ன் அலற ஒரு டிரெய்லர் நாங்கள் நின்ற தடத்திலேயே வந்து, லாரியை உரசாத குறையாக விலகிப் போனது. வேன் முழுதும் ஆடியது.

பனி விலகும்வரை அங்கேயே நின்றோம்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் வெயில் ஏறியபின் கிளம்புங்கள். பனியில் ஓடும்போது ஓட்டுநர் நான்கு இண்டிகேட்டரையும் போட்டால், கூச்சப்படாமல் அணைக்கச் சொல்லுங்கள். அது நின்றுவிட்ட வண்டிக்கான அடையாளம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பெல்ட் முக்கியம்.

நான் தம்பியைப் பார்த்துவிட்டு, மறுநாள் மதியம் பஸ்ஸில் திரும்பினேன். அன்று மாலை செல்வத்திடம் போனில் கேட்டேன், நாளைக்கும் பனி என்கிறார்களே என்று.

“டூட்டி இருக்கே சார். ஆனா ஓடும்போது அந்த நாலு லைட்டையும் போடமாட்டேன்.”

“முன்னாடி யார்?”

“கண்ணன்தான். அவன் சீட்டு அவனுக்கு.”