ரெண்டு விரல் கைராசி

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் குதிரை மைதானத்தில் உதட்டைப் பிதுக்குவார்கள். "ரெண்டு விரல் அக்கா எங்கே?" என்று கேட்டால், புல் அள்ளிப் போடுகிறவர் முதல் நடுவர்களுக்குத் தேநீர் கொண்டுபோகிறவர் வரை எல்லோரும் இடது பக்க கேட்டைக் கைகாட்டுவார்கள். பதினோரு வருஷமாக அவள் நிற்கும் இடம் அது.

வேலை சின்ன வேலைதான். நீள்சதுரமான மணல் களத்தில் குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், வட்டம் போட வேண்டும், சொன்ன இடத்தில் திரும்ப வேண்டும். சவாரி எவ்வளவு அழகாக, அலட்டலில்லாமல் நடக்கிறது என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். களத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு குதிரையும் கேட்டில் நிற்கும். அதன் மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் அக்கா ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நுழைத்துப் பார்ப்பாள். போனால் 'சரி' என்று தாளில் எழுதுவாள். போகாவிட்டால் பட்டையைத் தளர்த்தச் சொல்வாள்.

மூக்குப்பட்டை என்பது குதிரையின் மூக்கெலும்புக்கு மேலாகவும் தாடைக்குக் கீழாகவும் சுற்றிப் போகும் தோல் வார். அதை இறுக்கிக் கட்டினால் குதிரையால் வாயைத் திறக்க முடியாது. வாயைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும். ஏன் திறக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருப்பவரின் கை கனம்தான் காரணம். கடிவாளம் வாயில் குத்துகிறது, குதிரை வாயைத் திறந்து தப்பிக்கப் பார்க்கிறது. கையை இலேசாக்க வருஷக்கணக்கில் ஆகும். பட்டையை ரெண்டு ஓட்டை ஏற்றிக் கட்ட அரை நிமிஷம் போதும். மனுஷ புத்தி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா? அதற்குத்தான் 'ரெண்டு விரல் போக வேண்டும்' என்று விதி. யாருடைய விரல் என்று விதியில் இல்லை.

மற்ற நாட்களில் அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கடையின் பின்பக்கம் ஜன்னலோரம் அவள் மேஜை. கடுகளவு திருகாணிகளை முடுக்குவது, வளைந்த காதுக்கம்பியை நிமிர்த்துவது, மூக்கின் இரண்டு பக்கமும் உட்காரும் குமிழ்களைச் சரி செய்வது. அந்த வேலைக்கென்றே வார்த்தது மாதிரி விரல்கள். யாராவது கண்ணாடியைக் கழற்றி வைத்தால் முதலில் அவர்கள் மூக்கைத்தான் பார்ப்பாள். சிவப்பாகப் பள்ளம் விழுந்திருந்தால், "எத்தனை நாளா இப்படிப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? வலிக்கலையா?" என்று கடிந்துகொண்டே தளர்த்திக் கொடுப்பாள். போட்ட பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களுக்கு வாய் இருக்கிறது, வந்து சொல்கிறார்கள்.

வீட்டில் அந்த விரல்களை வைத்து ஒரு பழைய வேடிக்கை உண்டு. கணவர் பஸ் டிரைவர், ஆளும் விரலும் பருமன். குளிக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுப்பார். அவள் அதைத் தன் ரெண்டு விரலிலும் சேர்த்து மாட்டிக்கொண்டு, "பாருங்க, உங்க ஒரு விரல் எனக்கு ரெண்டு விரல்" என்பாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. விருந்தாளி யார் வந்தாலும் ஒருமுறை செய்து காட்டிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் இதற்குச் சிரித்திருக்கிறார்கள். குதிரை மைதானத்தோடு இதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை. அக்காவும் பார்க்கவில்லை.

வலது பக்க கேட்டில் நிற்பவர் கொத்தனார். வாரம் முழுக்கச் செங்கல்லோடும் சாந்தோடும் மல்லுக்கட்டிய கை. வயதில் மூத்தவர்தான், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவரும் இவளை அக்கா என்பார். இவள் அவரை அண்ணே என்பாள். சவாரிக்காரர்கள் எந்த கேட் வழியாக வேண்டுமானாலும் போகலாம். இவள் கேட்டில் இருபது குதிரை நின்றால் அவர் கேட்டில் ஏழெட்டு நிற்கும்.

"அக்காவுக்குக் கைராசி. அவங்க தொட்டு அனுப்பினா ஜெயிச்சுடலாம்" என்று சவாரிக்காரர்கள் சொல்வார்கள். ஜெயித்தார்கள் என்பதும் நிஜம். அக்காவுக்கு இதில் உச்சி குளிர்ந்துபோகும். குதிரைகளுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது, அதுதான் கூட்டம் இங்கே வருகிறது என்று முழுசாக நம்பினாள்.

எல்லாக் குதிரைகளிலும் அவளுக்குச் செல்லம் 'குமாஸ்தா'. அவளுடைய கூடப்பிறந்த அண்ணனின் மகள் ஓட்டும் பழுப்புக் குதிரை. கொட்டடியில் எந்நேரமும் கோப்பு காணாமல் போன மாதிரி ஒரு முகத்தோடு நிற்பதால் அந்தப் பெயர். கேட்டில் வந்து நின்றதும் தலையைத் தாழ்த்தி மூக்கை அவள் உள்ளங்கையில் வைத்துவிடுவான். குதிரையை அவன் இவன் என்பதா என்று யாராவது கேட்டால், "அவனை வேற எப்படிச் சொல்றது?" என்பாள்.

அந்தக் குமாஸ்தா சில மாதங்களாக மாறிப்போனான். அக்கா கையை நீட்டினாலே தலையை வெடுக்கென்று தூக்கினான். முதல் தடவை, ஈ கடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். மூன்றாவது தடவை நேராகக் கொட்டடிக்குப் போய்க் குதிரைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனை மூஞ்சில அடிக்கிறியா? நெஜத்தைச் சொல்லு."

"நான் ஏங்க்கா அடிக்கப்போறேன்? எங்கிட்ட நல்லாத்தான் இருக்கான். நீங்க வந்தாத்தான் இப்படிப் பண்றான்."

அக்கா அதை நம்பவில்லை. ஒரு வாரம் அந்த ஆளை முறைத்துக்கொண்டே திரிந்தாள்.

தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் கடைசிச் சுற்றும் வந்தது. பட்டியலில் முதல் நாலு பேர் போகலாம். அண்ணன் மகள் மூன்றாம் இடத்தில் இருந்தாள். நாலு வருஷமாக விடியும் முன் எழுந்து, கொட்டடி பெருக்கி, வேலைக்கும் போய்க்கொண்டு அந்த இடத்துக்கு வந்திருந்தாள். இருந்த இடத்தில் நின்றாலே போதும்.

அன்று காலையில் போட்டி நடத்தும் குதிரையேற்றச் சங்கத்திலிருந்து இரண்டு அளவுக்கட்டைகள் வந்தன. கதவுக்கு அண்டை கொடுக்கும் ஆப்பு மாதிரி, ஆரஞ்சு நிற பிளாஸ்டிக். பட்டைக்கு அடியில் செருகினால் கட்டையில் போட்டிருக்கும் கோடு வரை உள்ளே போக வேண்டும். அடுத்த பருவத்திலிருந்து அதுதான் விதி. இன்றைக்கு வெள்ளோட்டம். விரலாலும் பார்க்க வேண்டும், கட்டையாலும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், விரல் சொல்வதுதான் செல்லும்.

முதல் குதிரைக்கு விரல் போனது. கட்டை கோட்டைத் தொடாமல் நின்றது. இரண்டாவதும் அப்படியே. கட்டையில்தான் கோளாறு என்று கொத்தனாரிடம் ஆளனுப்பி அவருடையதை வாங்கிக்கொண்டாள். அதுவும் நின்றது. காலைச் சுற்று முடிந்தபோது அவள் கேட்டில் பத்தொன்பதில் பதினேழு தேறவில்லை. கொத்தனார் கேட்டில் எட்டில் ஒன்றுதான் தேறவில்லை.

"கட்டை கோணலா இருக்கு அண்ணே" என்றாள்.

கொத்தனார் ஆயுள் முழுக்க மட்டப்பலகையோடு பழகியவர். "கட்டை பொய் சொல்லாது அக்கா. கைய இப்படி வைங்க" என்றார்.

கேட்டின் குறுக்குச் சட்டத்தில் அவள் ரெண்டு விரலை வைத்தாள். பக்கத்தில் அவர் தன் ரெண்டு விரலை வைத்தார். அவருடைய ஒன்றரை விரல்கூட வரவில்லை அவளுடையது. அக்காவுக்கு மோதிரம் ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வேடிக்கை வேடிக்கையாக இல்லை.

சாப்பிடக்கூடப் போகாமல் கொட்டடிக்கு நடந்தாள். குதிரை டாக்டர் குமாஸ்தாவின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இவன் மூக்கைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் மூக்கெலும்பின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே மெல்லிய கோடாக வெள்ளை முடி முளைத்திருந்தது. வயசாகிறது, நரைக்கிறது என்று அக்கா அதைக் கேலி செய்ததுண்டு.

"பட்டை அழுத்தின இடம். உள்ள எலும்பு தடிச்சிருக்கு. ஒருநாள் ரெண்டு நாள்ல வர்றது இல்ல இது."

"சரியாயிடுமா?"

"தளர்த்திக் கட்டினா வலி போகும். தடிப்பு கரையாது. முடியும் இனிமே வெள்ளைதான்."

அக்காவுக்கு அழுகை வந்தது. குதிரைக்காரர் தண்ணீர் வாளியோடு வாசலில் நிற்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "உன்னை ஏசினது தப்புப்பா" என்று மட்டும் சொன்னாள். இவளைப் பார்த்தால்தான் குமாஸ்தா தலையைத் தூக்கினான் என்று அவர் சொன்னது சத்தியம். மூக்கெலும்பு நோக அந்தப் பட்டை கட்டப்பட்ட ஒவ்வொரு தடவையும் கடைசியாக வந்த கை இவளுடையது. இறுக்கத்துக்கு மேல் ரெண்டு விரலையும் திணித்து, சரி என்று சொல்லிவிட்டுப் போன கை.

மதியம் மூன்று மணிக்கு அண்ணன் மகள் கேட்டுக்கு வந்தாள். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. குமாஸ்தா தலையைத் தூக்கினான். அக்கா விரலை வைத்தாள், போனது.

"போகுது. ஆனா என் விரல் அளவில்ல" என்றாள். "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க."

கொத்தனார் வந்து முயன்று பார்த்தார். நகத்துக்கு மேல் நுழையவில்லை.

"ரெண்டு ஓட்டை எறக்கிக் கட்டு."

"என்ன அத்தை இது? கட்டை அடுத்த பருவத்துக்குத்தானே. இன்னிக்கு விரல்தான் விதி, உங்க விரல் போயிடுச்சு."

"எறக்கு."

"எறக்கினா வாயைத் திறப்பான். என் எடம் போயிடும் அத்தை."

"போகும்."

அண்ணன் மகள் களத்தைத் திரும்பிப் பார்த்தாள். "காலைல போன பதினேழு பேரை விட்டுட்டு என்னைப் புடிக்கிறீங்களே. சொந்தக்காரின்னு தானே?"

"அவங்க போயிட்டாங்க. நீ இன்னும் போகல."

அண்ணன் மகள் கீழே பார்க்கவில்லை. அக்காவே பக்கிளை அவிழ்த்தாள். கொத்தனாரை ரெண்டு விரலையும் மூக்கெலும்பின் மேல் வைக்கச் சொல்லி, அதன் மேலேயே பட்டையைக் கட்டினாள். அவர் விரலை உருவினார். குமாஸ்தா நாக்கைச் சுழற்றி, நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

களத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். முதல் வட்டத்திலேயே வாயைத் திறந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்தான். பாதி முடிவதற்குள் இடம் போய்விட்டது என்று அண்ணன் மகளுக்கே தெரிந்தது. போனது போகட்டும் என்று கையைத் தளரவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை, நடுவர்களை விட்டால், அக்கா மட்டும்தான் கவனித்தாள். குமாஸ்தா வாயை மூடினான். கடிவாள வாரை நீளமாக விட்டு நடக்க வேண்டிய கடைசிப் பகுதியில் கழுத்தை நீட்டி, வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தான். அந்த ஒரு பகுதிக்கு அன்றைய போட்டியிலேயே அதிக மதிப்பெண் அவனுக்குத்தான். மொத்தத்தில் ஒன்பதாம் இடம்.

அன்று மாலையே அக்கா சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். என் விரல் மெல்லியது, பதினோரு வருஷம் நான் போட்ட சரி எல்லாம் சரியில்லை, இனி கட்டை இல்லாமல் என்னை நிறுத்தாதீர்கள் என்று நாலு வரி. நன்றி என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அக்காவின் கைராசி போய்விட்டது என்று மைதானத்தில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் மகள் இரண்டு மாதம் பேசவில்லை. அண்ணனும் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அண்ணன் மகளே கண்ணாடிக் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பட்டையே இல்லாம ஓட்டிப் பாத்தேன் அத்தை. மொத மாசம் மானம் போச்சு. இப்பல்லாம் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கான்."

"நீ?"

"நானும்தான்" என்று சிரித்தாள். பிறகு கையைப் பார்த்துக்கொண்டே, "என் கை இவ்வளவு கனம்னு யாருமே சொல்லல" என்றாள்.

"அவன் சொன்னான். நாம வாயைக் கட்டிட்டோம்" என்றாள் அக்கா. கையிலிருந்த திருகாணி கீழே விழுந்துவிட்டது. ரெண்டு பேருமாகக் குனிந்து தேடினார்கள்.

அடுத்த பருவத்தின் முதல் போட்டியில் இரண்டு கேட்டிலும் கூட்டம் ஒரே அளவாக நின்றது. அண்ணன் மகள் இடது பக்கம் வந்தாள். அக்கா கட்டையை நுனியில் பிடித்து, குமாஸ்தாவின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் கட்டையை முகர்ந்தான். அப்புறம் தலையைத் தாழ்த்தினான். கட்டை கோட்டைத் தாண்டிப் போனது.

பழக்க தோஷம், அக்காவின் மற்றொரு கை மூக்கைத் தடவ நீண்டது. ரெண்டு விரலைக் கண்டதும் குமாஸ்தா தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கி, வேறு பக்கம் பார்த்தான்.

"நாள் ஆகும் அத்தை" என்றாள் அண்ணன் மகள்.

"ஆகட்டும்."

அக்கா விரல்களை மடக்கிக்கொண்டாள். தாளில் 'சரி' என்று எழுதிவிட்டு அடுத்த குதிரையைக் கூப்பிட்டாள்.